பழைய ராக், பாப் ஆல்பங்களின் பின்கதை: தெரிந்துகொண்டு கேட்பதா, கேட்ட பிறகு தெரிந்துகொள்வதா?

பழையதட்டு எழுதியது:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தைப் பதினைந்து வருடமாகக் கேட்டு வருகிறேன். முதன்முதலில் அது கையில் கிடைத்தபோது என் நெருங்கிய நண்பன் ஒருவன் படிப்புக்காக வெகுதூரம் போயிருந்தான். 'நீ இங்கே இருந்திருக்கலாமே' என்கிற அந்தத் தலைப்புப் பாட்டு அவனுடைய பாட்டாகவே எனக்குள் ஒட்டிக்கொண்டது. பாடியவர்கள் யாரை நினைத்துப் பாடினார்கள் என்று யோசித்ததே இல்லை.

போன மாதம்தான் சிட் பேரட்டின் கதையைப் படித்தேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், மனநிலை குலைந்து 1968-ல் குழுவிலிருந்து விலகியவர். ஏழு வருடம் கழித்து, 1975 ஜூன் மாதம், லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருக்கும்போது உடல் பருத்து, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். கூட வாசித்த நண்பர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்று அவரைப் பற்றியே ஒரு பாட்டு செய்துகொண்டிருந்த இடத்துக்கு அவரே வந்து நின்றிருக்கிறார்.

படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்போது அந்த ஆல்பத்தைப் போட்டாலே புருவமில்லாத அந்த முகம்தான் கண்முன் வருகிறது, என் நண்பன் அந்தப் பாட்டிலிருந்து போய்விட்டான். ஒரு பக்கம் இவ்வளவு நாள் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது, இன்னொரு பக்கம் எனக்குச் சொந்தமான ஒன்றை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. பின்கதை தெரிந்த பிறகு உங்களுக்கு மாறிப்போன ஆல்பங்கள் எவை? அந்த மாற்றம் நல்லதாக இருந்ததா? பழையபடி கேட்க வழி ஏதாவது உண்டா?


நாலாம்தந்தி எழுதியது:

நண்பரே, முதலில் ஒரு திருத்தம், ஏனென்றால் இந்தக் கதை பல இடங்களில் தலைகீழாகச் சுற்றுகிறது. சிட் வந்து நின்றதைப் பார்த்துத்தான் அந்தப் பாட்டை எழுதினார்கள் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. 'ஷைன் ஆன்' பாட்டை 1974-லேயே மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் விரலில் தற்செயலாக வந்து விழுந்த நான்கு சுரங்கள்தான் அதற்கு விதை. பாட்டு முன்னால், ஆள் பின்னால். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆல்பம் சிட்டைப் பற்றியது மட்டும் இல்லை. 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' 1973-ல் பெரிய வெற்றி பெற்ற பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், ஒரே அறையில் இருந்தும் ஆளுக்கொரு மூலையில் மனம் அலைந்துகொண்டிருந்த நான்கு பேர் செய்த ஆல்பம் அது. 'ஷைன் ஆன்' ஒன்பது பகுதிகள் கொண்டது, அதை இரண்டாக வெட்டி முதல் பாதியை ஆல்பத்தின் தொடக்கத்திலும் மறுபாதியை முடிவிலும் வைத்தார்கள். நடுவில் இருக்கும் 'வெல்கம் டு தி மெஷின்', 'ஹேவ் எ சிகார்' இரண்டும் இசை வியாபாரத்தின் மேல் வந்த கசப்பு. 'ஹேவ் எ சிகார்' பாட்டில் ஒரு கம்பெனிக்காரர் 'உங்களில் பிங்க் யார்?' என்று கேட்கிறாரே, அது நிஜமாகவே இவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதைப் பாடியவரும் குழுவைச் சேர்ந்தவர் இல்லை, ராய் ஹார்ப்பர். அவர்கள் ஆல்பத்திலேயே அந்தப் பாட்டில் அவர்கள் குரல் இல்லை.

அந்தப் பாட்டு முடியும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முழு சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் இசை திடீரென்று உறிஞ்சி எடுத்த மாதிரி சுருங்கி ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய்விடும். அப்புறம் யாரோ ஸ்டேஷனைத் திருப்புகிறார்கள், பேச்சு கேட்கிறது, சாய்கோவ்ஸ்கியின் சிம்பொனி ஒரு கணம் வந்து போகிறது, பிறகு தூரத்தில் மெலிசாக ஒரு பன்னிரண்டு தந்தி கிட்டார். ஒருவர் இருமுகிறார், மூச்சை இழுக்கிறார், பிறகு உங்கள் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு கிட்டார் அந்த ரேடியோ கிட்டாரோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பிக்கிறது. அறையில் தனியாக உட்கார்ந்து ரேடியோவுக்குத் துணையாக வாசிக்கும் ஒரு ஆள். சிட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமலே, பக்கத்தில் இல்லாத நண்பனை நினைத்து நீங்கள் கேட்டது அதைத்தான். ரோஜர் வாட்டர்ஸ் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது அது தன்னை நோக்கியே எழுதியது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார், கில்மோரோ சிட்டை நினைக்காமல் அதைப் பாட முடியாது என்கிறார். சேர்ந்து எழுதிய இருவருக்கே இரண்டு அர்த்தம் இருக்கும்போது உங்கள் நண்பனுக்கு அதில் இடம் இல்லாமலா போகும்?

அட்டையையும் மறந்துவிடாதீர்கள். கோட் சூட் போட்ட இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் மேல் தீ எரிகிறது. அது ஒட்டுவேலை இல்லை, சண்டைப்பயிற்சிக் கலைஞர் ஒருவரை நிஜமாகவே கொளுத்தி எடுத்த படம். அந்த அட்டையையும் கறுப்பு பிளாஸ்டிக்கில் முழுதாகச் சுற்றி, இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கும் ஸ்டிக்கரை மட்டும் மேலே ஒட்டி விற்றார்கள். 'இல்லாமை'யைப் பற்றிய ஆல்பத்தில் அட்டைப்படமும் கண்ணில் படாது.


அரைக்குரல் எழுதியது:

நான் முதலில் பாட்டைத்தான் கேட்பேன், கதையைத் தேடிப் போகவே மாட்டேன், அது எப்போதாவது தானாக வந்து சேரட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஜோனி மிட்செலின் 'புளூ', 1971. அதில் 'லிட்டில் கிரீன்' என்று ஒரு பாட்டு, கிட்டாரும் குரலும் மட்டும். ஒரு குழந்தைக்குப் பச்சை என்று பெயர் வைக்கச் சொல்லும் பாட்டு. எனக்கு அது தாலாட்டு. இரவில் எத்தனையோ முறை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, 1965-ல் கையில் காசில்லாமல் தனியாக இருந்த நிலையில் பெற்ற மகளை அவர் தத்துக் கொடுத்திருக்கிறார், பாட்டு அந்த மகளுக்கானது. தொண்ணூறுகளில்தான் விஷயம் வெளியே வந்தது, 1997-ல்தான் தாயும் மகளும் சந்தித்தார்கள். ஆக, பாட்டு வெளியாகி இருபது வருடத்துக்கு மேல் உலகமே அதைக் கதை தெரியாமல்தான் கேட்டது. அதனால் பாட்டு குறைந்துபோகவில்லை. அவர் மூடி வைத்திருந்ததை நாம் திறந்து பார்த்தே தீரவேண்டும் என்கிற கட்டாயம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் வலி புரிகிறது. தெரிந்த பிறகு அந்தத் தாலாட்டில் என்னால் தூங்க முடியவில்லை. தாள்களில் எல்லாம் குடும்பப் பெயரைப் போட்டுக் கையெழுத்திடும் ஒரு வரி வரும், முன்பெல்லாம் அந்த வரி காதில் விழுந்ததாகவே நினைவில்லை. இப்போது அந்த இடத்தில் விரல் நின்றுவிடுகிறது.


பேஸ்ரசிகை எழுதியது:

அரைக்குரல் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. சில ஆல்பங்களின் கதை அவர்களுடைய சொந்த வாழ்க்கை, அதை விட்டுவிடலாம். சில ஆல்பங்களின் கதை நாட்டின் கதை, அது தெரியாமல் கேட்டால் இனிமையான இசையாக மட்டும் காதில் நழுவிப் போய்விடும். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' எனக்கு அப்படித்தான் நழுவிக்கொண்டிருந்தது.

அந்தத் தலைப்புப் பாட்டு மார்வினிடம் தொடங்கவில்லை. ஃபோர் டாப்ஸ் குழுவைச் சேர்ந்த ஓபி பென்சன் 1969-ல் பெர்க்லியில் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்ததைப் பார்த்து மனம் கலங்கி ஆரம்பித்தது. அவருடைய குழுவினர் இது எதிர்ப்புப் பாட்டு, வேண்டாம் என்று விட்டார்கள். பாட்டு மார்வினிடம் வந்த நேரத்தில் அவரே உடைந்து போயிருந்தார். கூடப் பாடி வந்த டாமி டெரல் 1970 மார்ச்சில் மூளைக் கட்டியால் இறந்திருந்தார், தம்பி ஃபிரான்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து அங்கே பார்த்ததையெல்லாம் சொல்லியிருந்தார். ஆல்பத்தில் இரண்டாவதாக வரும் 'வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்' போரிலிருந்து வீடு திரும்பியவனின் குரல். வேலை கிடைக்குமா, நம் ஆட்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள், பழைய நடன இடம் இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்கிறான். தம்பியின் குரலை அண்ணன் பாடுகிறார் என்று தெரிந்த பிறகு அந்தச் சாதாரண விசாரிப்பு எல்லாம் என்னை அழவைக்கிறது.

மோடவுன் கம்பெனி முதலாளி பெர்ரி கோர்டிக்குப் பாட்டு பிடிக்கவில்லை, இது விற்காது என்றார். அதை வெளியிடாமல் வேறு எதுவும் பாடமாட்டேன் என்று மார்வின் உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் வெளியாகி அது சக்கைப்போடு போட்டதும், முழு ஆல்பம் கொடு என்று அதே கம்பெனி கேட்டது. மார்ச்சில் சில நாள்களிலேயே மீதியைப் பதிவு செய்து மே மாதம் ஆல்பம் வந்துவிட்டது.

இதெல்லாம் வரலாறு. எனக்கு இன்னும் பிடித்தது தவறுதலாக நடந்த விஷயங்கள். பாட்டின் தொடக்கத்தில் வரும் சாக்ஸஃபோன், வாசித்தவர் சும்மா விரலைப் பழக்கிக்கொண்டிருந்தபோது பதிவானது. இரண்டு மார்வின்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது போல் பாடுகிறார்களே, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனித்தனியாகப் பாடி வைத்த இரண்டு பதிவுகளை ஒலிப்பொறியாளர் ஒரே நேரத்தில் ஓடவிட்டதால் கிடைத்தது. கேட்ட மார்வின் அதையே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆல்பங்களில் அது அவருடைய முத்திரை ஆகிவிட்டது.

பேஸ் கிட்டார் ஜேம்ஸ் ஜேமர்சன். பாட்டுப் பதிவான இரவு அவரை ஒரு கிளப்பிலிருந்து தேடிப்பிடித்து அழைத்து வந்ததாகவும், நிமிர்ந்து உட்கார முடியாத போதையில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கதையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள். ஒரு இடத்திலும் ஒரே மாதிரி திரும்பி வராது, ஆனாலும் பாட்டைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடமாக மோடவுன் பாட்டுகளுக்கு வாசித்த இந்தக் கலைஞர்களின் பெயர்கள் ஆல்பத்தின் உறையில் அச்சானதே இதில்தான்.


இரண்டாம்பக்கம் எழுதியது:

யாரும் ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' பற்றிச் சொல்லவில்லையா! கதை தெரிந்து கேட்பதால் ஆல்பம் நூறு மடங்கு பெரிதாவதற்கு அதுதான் சரியான உதாரணம். 1976-ல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ ஸ்டுடியோவில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜான் மெக்வியும் கிறிஸ்டின் மெக்வியும் கணவன் மனைவி, பிரிந்துகொண்டிருக்கிறார்கள். லின்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் காதலர்கள், பிரிந்துவிட்டார்கள். மிக் ஃபிளீட்வுட்டின் கல்யாணமும் முறிந்துகொண்டிருந்தது. யாரும் குழுவை விட்டுப் போகவில்லை. பேச முடியாததை எல்லாம் பாட்டாக எழுதி ஒருவர் கையில் ஒருவர் கொடுத்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லின்ட்ஸி 'கோ யுவர் ஓன் வே' எழுதுகிறார், அது ஸ்டீவியைக் குத்தும் பாட்டு, அதில் ஒரு வரி பொய்யென்று ஸ்டீவிக்கு ரொம்பக் கோபம். அந்தப் பாட்டிலேயே பின்குரல் பாடுவது ஸ்டீவி. ஸ்டீவி 'ட்ரீம்ஸ்' எழுதுகிறார், பத்து நிமிடத்தில் எழுதியதாகச் சொல்வார், அதே பிரிவைப் பற்றி அவர் பக்கத்து நியாயம். அதற்குக் கிட்டார் வாசிப்பது லின்ட்ஸி. கிறிஸ்டின் தன்னுடைய புதுக்காதலை 'யூ மேக் லவிங் ஃபன்' என்று பாடுகிறார், பேஸ் வாசிப்பது பிரிந்துபோன கணவர் ஜான். அவரிடம் கிறிஸ்டின் அது தன் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லி வைத்திருந்தார்.

'தி செயின்' மட்டும்தான் ஐந்து பேர் பெயரும் போட்ட பாட்டு, அதுவும் வெவ்வேறு பாட்டுகளின் துண்டுகளை டேப்பை வெட்டி ஒட்டிச் செய்தது. சங்கிலி அறுந்துவிடக்கூடாது என்கிற பாட்டே ஒட்டுப்போட்டது! நடுவில் எல்லாம் அடங்கி ஜானின் பேஸ் மட்டும் தனியாக எழும்பும் இடத்தில் அந்தத் தையல் தெரிகிறது, அதனால்தான் எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். இசைத்தட்டில் கேட்டால் முதல் பக்கம் கிறிஸ்டின் பியானோவோடு பாடும் 'சாங்பேர்ட்' பாட்டில் மெல்ல முடியும், தட்டைத் திருப்பிப் போட்டால் 'தி செயின்' அடி மாதிரி ஆரம்பிக்கும். ஷஃபிளில் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இது கிடைக்காது, தயவுசெய்து ஒருமுறையாவது வரிசையாகக் கேளுங்கள்.


பழையதட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாக உங்கள் பதில்களோடுதான் இருக்கிறேன். 'தி செயின்' பேஸ் இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுவிட்டேன். அக்கறையோடு எழுதிய பேஸ்ரசிகைக்குத் தனியாக நன்றி, அந்த இரண்டு குரல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு சந்தேகம். தேட ஆரம்பித்தால் கதைகள் கொட்டுகின்றன, எதை நம்புவது? 'டார்க் சைடு' ஆல்பம் 1939-ல் வந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்குப் பொருந்தும்படி ரகசியமாகச் செய்யப்பட்டது என்று ஒருவர் சத்தியம் செய்கிறார்.


மிக்ஸிங்மேசை எழுதியது:

அது பொய். தொண்ணூறுகளில் ரசிகர்கள் நடுவே பரவிய விளையாட்டு, அந்த ஆல்பத்தின் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸே மறுத்திருக்கிறார். நாற்பது நிமிடத்துச் சொச்சம் ஓடும் எந்த ஆல்பத்தையும் எந்தப் படத்தோடும் ஓடவிட்டால் சில இடங்கள் பொருந்தத்தான் செய்யும், பொருந்தாத இடங்களை யாரும் எண்ணுவதில்லை.

வருத்தம் என்னவென்றால், அதே ஆல்பத்தின் உண்மைக் கதை அதைவிட எவ்வளவோ அருமை. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி வைத்து, அபே ரோட்டில் கிடைத்தவர்களை எல்லாம் மைக் முன்னால் உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொன்னார். பிடித்த நிறம் என்ன என்று எளிதாகத் தொடங்கி, கடைசியாக எப்போது கைநீட்டினாய், உன் பக்கம் நியாயம் இருந்ததா, சாவைக் கண்டு பயமா என்று போகும். பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார், ஆனால் கவனமாக, அழகாகப் பேசியதால் அதைச் சேர்க்கவில்லை. ஆல்பத்தின் கடைசியில், இதயத் துடிப்புக்கு நடுவே, நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாமே இருட்டுதான் என்று ஒரு குரல் சொல்கிறதே, அது ஸ்டுடியோவின் வாயில்காப்பாளர். அப்புறம் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் வார்த்தையே இல்லாமல் கதறும் கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராகத் தன் பெயரும் வரவேண்டும் என்று வழக்குப் போட்டு, 2005-ல்தான் அது கிடைத்தது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். நான் பார்ப்பது தேதிகளைத்தான். எப்போது எழுதினார்கள், எப்போது பதிவு செய்தார்கள், யார் பெயர் போட்டிருக்கிறது. நாலாம்தந்தி மேலே செய்தது அதுதான், 1974 கச்சேரி என்ற ஒரு தேதியே பாதிக் கட்டுக்கதையைத் தள்ளிவிட்டது. அடுத்து, கதை பாட்டுக்குள் எங்கே கேட்கிறது என்று பார்ப்பேன். பீட்டில்ஸ் குழுவின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' தலைப்பின் முதல் எழுத்துகளை (எல்.எஸ்.டி.) வைத்து அது போதைப்பொருள் பாட்டு என்றார்கள். மகன் ஜூலியன் பள்ளித் தோழியை வரைந்து கொண்டுவந்த படத்திலிருந்து தலைப்பு வந்தது என்று ஜான் லெனன் கடைசிவரை சொன்னார். அந்தப் படத்தை மனதில் வைத்துக் கேட்டால் அந்த நிறங்களும் செலோஃபேன் பூக்களும் ஒரு குழந்தையின் தாளில் இருப்பவை போலத்தான் எனக்குப் படுகின்றன.

கதை தெரியாமல் கேட்பது எப்போதும் பாவமில்லாத விஷயமும் இல்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.', 1984. வியட்நாமிலிருந்து திரும்பியவனுக்கு வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை, போரில் போன சகோதரன் திரும்பவே இல்லை. சரணங்கள் முழுக்க இதுதான். பல்லவி மட்டும் தலைப்பையே திரும்பத் திரும்ப முழங்குவதால் மேடைகளில் அதை வெற்றிப் பாட்டாக்கிவிட்டார்கள். அந்த வருடத் தேர்தல் பிரசாரத்தில் அதிபர் ரீகன் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரையே நம்பிக்கையின் அடையாளமாகச் சொன்னார். ஆனால் அந்தப் பாட்டு முதலில் பிறந்தது எங்கே தெரியுமா? 1982-ல் வீட்டில் தனியாக உட்கார்ந்து நாலு டிராக் கேசட் கருவியில் பதிவு செய்தாரே, 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வந்த இருண்ட பாட்டுகள், அந்தக் காலத்து வரவு இது. அப்போது பதிவு செய்த தனிக்குரல் வடிவம் 1998-ல் வெளியானது. டிரம்ஸ் இல்லை, முழக்கம் இல்லை. அதைக் கேட்டவர்கள் பெரிய பாட்டைக் கையை உயர்த்திப் பாடமாட்டார்கள்.


நாலாம்தந்தி எழுதியது:

பழையதட்டு, ஒரு வேண்டுகோள். 'ஷைன் ஆன்' ஒன்பதாவது பகுதி, ஆல்பத்தின் கடைசி. இசை தேய ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள். சத்தத்தைக் கூட்டி, முழுதாக அடங்கும்வரை குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசரை மட்டும் பின்தொடருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் சிட்டின் பழைய பாட்டுகளையும் கேட்டிருந்தால் தெரிந்துவிடும்.


பழையதட்டு எழுதியது:

நேற்று இரவு கேட்டேன். பதினைந்து வருடமாக அந்த இடத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டிருக்கிறேன். தேய்ந்துகொண்டே போகும் அந்த மெதுவான நடைக்குள், கடைசி சில நொடிகளில், 'சீ எமிலி பிளே' மெட்டு. சிட் எழுதி 1967-ல் வந்த பாட்டு, அவர்கள் எல்லோரும் சின்னப் பையன்களாக இருந்தபோது வாசித்தது. இரண்டாவது முறை வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். வார்த்தை எதுவும் இல்லை, ரைட் ஒற்றை விரலால் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி அவ்வளவு மெல்லியதாக வருகிறது, பிறகு அதுவும் அடங்கிவிடுகிறது.

நண்பனுக்கு இன்று காலை அந்த நொடிகளை வெட்டி அனுப்பியிருக்கிறேன். நான்கு வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.